அப்பன் பட்ட கவலை பிள்ளைக்கு இழுப்பாக வருமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மேலுக்கு நீங்கள் கேட்டிருப்பது, அப்பாவின் மன அழுத்தத்தால் குழந்தைக்கு ஆஸ்துமா வரலாம் என்று போனில் படித்த செய்தி உண்மையா என்பதுதான். ஆனால் அதற்கு முன்னால் எழுதியிருப்பதைப் பார்த்தால் விஷயம் வேறு. மனைவி முழுகாமல் இருந்தபோது நிதி நிறுவனத்தில் போட்ட ஆறு லட்சம் போனது, அதில் பாதி மச்சானிடம் கைமாற்றாக வாங்கியது, ஆம்பூர் ஷூ கம்பெனியில் தினமும் வேலை முடித்துக் குடியாத்தம் வந்தும் ஏழெட்டு மாதம் ராத்திரியெல்லாம் மொட்டை மாடியில் நடந்தது, இப்போது நாலு வயதுப் பையனுக்கு ஒன்றரை வயதிலிருந்தே இழுப்பு. இவ்வளவையும் வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பையன் மூச்சுக்குத் திணறுவதற்கு நான்தான் காரணமா என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நினைக்கிற அர்த்தத்தில் நீங்கள் காரணமில்லை. ஆனால் ‘சம்பந்தமே இல்லை, போய் நிம்மதியாகத் தூங்குங்கள்’ என்று சொல்லி அனுப்பவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளம்.

நான் காட்பாடியில் 27 வருஷமாகக் குழந்தை வைத்தியம் பார்க்கிறேன். சின்ன கிளினிக். மழைக்காலம் தொடங்கி மாசி வரைக்கும் வருகிற பிள்ளைகளில் பெரும்பகுதி இருமலும் இழுப்பும்தான். ஆராய்ச்சி செய்கிறவன் இல்லை; வருகிற ஆய்வுகளைப் படித்துப் பார்க்கிறவன். மனநல மருத்துவமும் என் துறை இல்லை. உங்கள் பையனின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்ததும் இல்லை. ஆகவே நான் சொல்வதை உங்கள் டாக்டர் சொல்வதற்கு மேலாக வைக்க வேண்டாம்.

முதலில் ஒன்று. பையனுக்கு வந்திருப்பது ஆஸ்துமாதானா? நாலு வயதுக்குள் இழுப்பு வருகிற எல்லாப் பிள்ளைக்கும் ஆஸ்துமா என்று பெயர் வைத்துவிட முடியாது. சின்னப் பிள்ளைகளின் மூச்சுக்குழாய் ஒல்லி. சளி வைரஸ் வந்து கொஞ்சம் வீங்கினாலே விசில் சத்தம் கேட்கும். அமெரிக்காவில் டூசான் என்ற ஊரில் 1,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து 1995-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஆறு வயதுக்குள் கிட்டத்தட்டப் பாதிக் குழந்தைகளுக்கு ஒரு தடவையாவது இழுப்பு வந்திருந்தது. முதல் மூன்று வயதுக்குள் இழுப்பு வந்தவர்களில் பத்தில் ஆறு பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. ஊதிப் பார்க்கிற பரிசோதனையை நாலு வயதில் ஒழுங்காகச் செய்யவும் முடியாது. ஐந்தாறு வயதாக வேண்டும். சளி இல்லாத நாளிலும் இழுப்பு வருகிறதா, ஓடினால், சிரித்தால், விடியற்காலையில் இருமுகிறானா, உடம்பில் கரப்பான் என்கிற தோல் அரிப்பு இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா என்று கேட்டுத்தான் அந்த வயதில் ஒரு கணிப்புக்கு வருவோம். உங்கள் எழுத்தில் இவற்றுக்கு விவரம் இல்லை. உங்கள் அம்மாவுக்கு ‘ஈளை’, அதாவது மூச்சிழுப்பு, இருந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. நீங்கள் லேசாகத் தாண்டிப்போன அந்த வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. ஆஸ்துமாவில் பரம்பரையின் பங்கு பெரிது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் பாதிக்கு மேல் அதன் கணக்கில்தான் போகிறது. பாட்டியிடமிருந்து உங்கள் வழியாகப் பையனுக்கு ஏதாவது இறங்கியிருந்தால், அதற்கும் அந்த ஆறு லட்சத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

சரி, மன அழுத்தத்துக்கு வருவோம். இங்கே ஓரளவு உறுதியாகத் தெரிந்தது தாயைப் பற்றித்தான். கர்ப்ப காலத்தில் தாய்க்குக் கடுமையான மனக்கஷ்டம் இருந்தால் பிறக்கிற பிள்ளைக்கு இழுப்போ ஆஸ்துமாவோ வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-ல் வந்த ஒரு கணக்கில் அந்தக் கூடுதல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இந்த ‘ஒன்றரை மடங்கு’ என்ற பேச்சுதான் தலைப்பில் வந்து மனுஷனைக் கலங்கடிக்கிறது. விரித்துச் சொன்னால், மனக்கஷ்டம் இல்லாத 100 தாய்மாரின் பிள்ளைகளில் 10 பேருக்கு வருவதாக வைத்துக்கொண்டால், கஷ்டப்பட்ட 100 பேரின் பிள்ளைகளில் 15 பேருக்கு வரும். மீதி 85 பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. தாய்க்கு இது நடப்பதற்கு வழியும் இருக்கிறது. கவலையில் சுரக்கிற கார்டிசால் என்ற ஹார்மோன் நஞ்சுக்கொடியைத் தாண்டி ஓரளவு குழந்தைக்குப் போகும். நுரையீரலும் நோய் எதிர்ப்பு அமைப்பும் உருவாகிக்கொண்டிருக்கிற நேரம் அது.

அப்பாவுக்கு அந்த வழி கிடையாது. நீங்கள் மொட்டை மாடியில் நடந்தபோது உங்கள் ரத்தத்தில் ஏறிய கார்டிசால் உங்கள் உடம்பைத் தாண்டி எங்கும் போகவில்லை. நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரத்தில் ‘ஜெனரேஷன் ஆர்’ என்று ஒரு பெரிய ஆய்வு நடக்கிறது. 2002-லிருந்து 2006 வரை பிறந்த குழந்தைகளைக் கருவிலிருந்தே பின்தொடர்கிறார்கள். அதில் கர்ப்பத்தின்போது அம்மாவிடம் மட்டுமில்லாமல் அப்பாவிடமும் மனநிலை பற்றிக் கேள்வித்தாள் கொடுத்து எழுதி வாங்கினார்கள். 2014-ல் வந்த முடிவின்படி, அம்மாவின் மனக்கஷ்டத்துக்கும் பள்ளிக்குப் போகும் முன்வயதில் வருகிற இழுப்புக்கும் தொடர்பு தெரிந்தது. அப்பாவின் மனக்கஷ்டத்துக்குத் தெரியவில்லை. பத்து வயதில் மறுபடி பார்த்தபோதும் அம்மா பக்கத்துத் தொடர்பு இருந்தது. அப்பாவின் கவலையைக் கணக்கில் சேர்த்தும் அது மாறவில்லை.

அப்பாவிடம் ஏன் கேட்டார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கொஞ்சம் சொல்கிறேன். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது ஞாபகம் இருக்கும். அதற்கடுத்த வாரங்களில் என்னிடம் இழுப்பு கேஸ் குவிந்தது. பாலாற்றுத் தண்ணீரால் இழுப்பு வருகிறது என்று யாராவது சொன்னால் எப்படிச் சரிபார்ப்பது? ஆற்றங்கரைத் தெருவுக்கும், ஆறே இல்லாத ஆனால் அதே மழையில் சுவர் ஊறிப் பூஞ்சை பூத்த தெருவுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு தெருவிலும் ஒரே அளவு இழுப்பு என்றால் ஆற்றைக் குற்றம் சொல்ல முடியாது. ஈரச் சுவர்தான் காரணமாக இருக்கும். அதேபோல், கவலைப்படுகிற குடும்பத்தின் வறுமையும் புகையும் நெரிசலும்தான் இழுப்புக்குக் காரணம் என்றால், அம்மாவின் கவலையும் அப்பாவின் கவலையும் ஒரே அளவு தொடர்பு காட்ட வேண்டும், ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அம்மாவின் கவலை மட்டும் கூடுதலாகக் காட்டினால் கருப்பைக்குள் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அதற்காகத்தான் அப்பாவை ஒரு ‘ஈரச்சுவர்த் தெரு’வாக வைத்துப் பார்த்தார்கள்.

ஆனாலும் அதோடு அப்பா விடுதலை என்று எழுதி முத்திரை குத்திவிட முடியாது. இந்த மாதிரி ஆய்வுகளில் கேள்வித்தாளைத் திருப்பிக் கொடுக்கிற அப்பாக்கள் அம்மாக்களைவிடக் குறைவு. மனசு ரொம்ப உடைந்தவன் அதை எழுதியே தரமாட்டான். ஆம்பளைக்கு என்ன கவலை என்று எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று டிக் போடுகிறவனும் உண்டு. நம் ஊரில் கேட்டால் இன்னும் மோசம். எதிர்ப்பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது: பிள்ளைக்கு ராத்திரி ராத்திரி மூச்சு இழுத்தால் அப்பனுக்குக் கவலை வராதா? பிள்ளை பிறந்தபிறகு எடுத்த கணக்கில் எது முன்னே, எது பின்னே என்று பிரிப்பது கஷ்டம். கவலைப்படுகிற பெற்றோர் சின்ன இருமலுக்கும் டாக்டரிடம் ஓடுவார்கள், ஆஸ்துமா என்ற பெயரும் சீக்கிரம் கிடைத்துவிடும். ஆகவே போனில் நீங்கள் படித்த செய்தி எந்த ஆய்விலிருந்து வந்திருந்தாலும், ‘தொடர்பு இருக்கிறது’ என்பதை ‘இதனால்தான் அது’ என்று படித்துவிடாதீர்கள்.

விந்தணு வழியாகப் போகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எலிகளில் அப்படி ஒன்று பார்த்திருக்கிறார்கள். 2013-ல் வந்த ஒரு ஆய்வில், ஆண் எலியைத் தொடர்ந்து தொந்தரவு செய்தபோது அதன் விந்தணுவில் ஒன்பது வகை நுண் ஆர்.என்.ஏ.க்களின் (மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்துகிற சின்னத் துணுக்குகள்) அளவு மாறியது; அதற்குப் பிறந்த குட்டிகளின் உடம்பு, அதிர்ச்சிக்குக் காட்டுகிற ஹார்மோன் எதிர்வினை மந்தமானது. ஆனால் அது இழுப்பைப் பற்றிய ஆய்வு இல்லை. எலியிலிருந்து குடியாத்தத்துக்கு வர ரொம்ப தூரம். இன்னொரு விஷயம்: உங்கள் பணம் போனது மனைவி ஏற்கெனவே முழுகாமல் இருந்தபோது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விந்தணுவின் வேலை அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அந்தக் கதவு உங்கள் விஷயத்தில் தேதிக் கணக்கிலேயே அடைபட்டுப் போகிறது.

கருத்தரிக்கும் முன் அப்பா செய்ததில் மனிதர்களிடமே ஓரளவு ஆதாரம் உள்ளது புகையைப் பற்றித்தான். வட ஐரோப்பிய நாடுகளில் 24,000 பிள்ளைகளுக்கு மேல் கணக்கெடுத்து 2017-ல் வந்த ஆய்வு அது. 15 வயதுக்கு முன்னால் சிகரெட் பிடிக்க ஆரம்பித்த அப்பாக்களின் பிள்ளைகளுக்கு, அலர்ஜி சேராத வகை ஆஸ்துமா மூன்று மடங்குக்கு மேல் கூடுதலாக இருந்தது. குழந்தை உருவாவதற்கு ஐந்து வருஷம் முன்பே நிறுத்தியிருந்தாலும்கூட. கருத்தரிப்புக்கு முன் வெல்டிங் வேலை பார்த்த அப்பாக்களிடமும் தனியாக ஒரு தொடர்பு தெரிந்தது. ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலையையும் அதைச் சுற்றியிருக்கிற பட்டறைகளையும் நினைத்தால் எனக்கு இது உறுத்தும். ஒரு ஆய்வை வைத்து யாரையும் வேலையை விடச் சொல்ல மாட்டேன். பதினாலு வயசுப் பையன் பெட்டிக்கடைக்குப் பின்னால் நின்று பிடிப்பதைப் பார்த்தால் மட்டும் இப்போதெல்லாம் வண்டியை நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். அவன் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைப்பான், பரவாயில்லை.

இப்போது பிள்ளை பிறந்தபிறகு வீட்டில் இருக்கிற கவலைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் விஷயம் இங்கேதான் இருக்கிறது. தென் கலிபோர்னியாவில் ஐந்திலிருந்து ஒன்பது வயது வரையிலான 2,497 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2009-ல் வெளியானது. பெற்றோரின் மன அழுத்தம் மட்டும் தனியாக ஆஸ்துமாவைக் கூட்டவில்லை. ஆனால் வண்டிப்புகை அதிகமுள்ள சாலைக்குப் பக்கத்தில் குடியிருந்து, வீட்டில் அழுத்தமும் அதிகமாக இருந்த பிள்ளைகளை அந்தப் புகை மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தாக்கியது. புகைக்கு உடம்பு காட்டுகிற எதிர்ப்பைக் கவலை குறைத்துவிடுகிறதோ என்று யோசிக்க வைக்கிற முடிவு. அதற்கு மூன்று வருஷம் முன்னால் வான்கூவரில் செய்த ஆய்வு ஒன்று இன்னும் உள்ளே போனது. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பிள்ளைகளில், வீட்டில் நாள்பட்ட சச்சரவும் புதிதாக ஒரு அதிர்ச்சியும் சேர்ந்து வந்தவர்களின் ரத்த அணுக்களில், நாம் கொடுக்கிற பம்ப் (இன்ஹேலர்) மருந்து போய் உட்கார வேண்டிய ஏற்பிகளுக்கான மரபணு வேலை பல மடங்கு குறைந்திருந்தது. ஸ்டீராய்டு மருந்துக்கானது ஐந்தரை மடங்கு, உடனடி நிவாரண மருந்துக்கானது ஒன்பதரை மடங்கு. 39 ஆஸ்துமா பிள்ளைகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், அதை மறக்கக் கூடாது. ஆனால் ‘போன தடவை ரெண்டு பஃப்ல நின்னுச்சு, இந்தத் தடவை நாலு அடிச்சும் நிக்கல’ என்று சொல்கிற பெற்றோரிடம், வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகு வந்தது.

ஒரு காலண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் வாலாஜா பக்கத்திலிருந்து ஒரு அம்மா, ஐந்து வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவார். எந்தெந்த நாள் இழுப்பு வருகிறது என்று குறித்து எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். நோட்டில் எழுதி வருவார் என்று பார்த்தால், மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரையே ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். பால் கணக்குக்குப் போட்ட கோடுகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் ‘இ’, ‘இ’ என்று. மேசையில் விரித்து மாதம் மாதமாகத் திருப்பினேன். ஒவ்வொரு மாதமும் 5, 6, 7 தேதிகளை ஒட்டி ‘இ’ கூடியிருந்தது. அமாவாசை பௌர்ணமியோடு பொருந்துகிறதா என்று அந்த அம்மா ஏற்கெனவே பார்த்துவிட்டாராம், இல்லையாம். “அஞ்சாம் தேதி என்னம்மா விசேஷம்?” என்று கேட்டேன். “வண்டி டியூ, டாக்டர்” என்றார்.

கணவர் பைனான்ஸில் லோடு வண்டி எடுத்திருந்தார். அஞ்சாம் தேதி வசூலுக்கு ஆள் வருவான். அன்றைக்குச் சாயங்காலமே கதவு ஜன்னலைச் சாத்தி, முன்னறை லைட்டை அணைத்து, வீட்டில் ஆளே இல்லாத மாதிரி எல்லோரும் பின்னறையில் உட்கார்ந்துவிடுவார்கள். அடைத்த அறையில் கொசு பிடுங்கும், கொசுவர்த்தி ஏற்றுவார்கள். அவர் பின்வாசல் படியில் உட்கார்ந்து பீடி மேல் பீடி. ராத்திரி பம்ப் கொடுக்கிற பொறுப்பும் அவருடையதுதான், “நைனா குடுத்தாத்தான் வாயத் தொறப்பா” என்பதால். அந்த நாட்களில் அது யாருக்கும் ஞாபகம் வராது. “மெய்யாலுமே மறந்துட்றோம் டாக்டர். அவரு பேசவே மாட்டாரு. காலைல பாத்தா கொயந்த இழுத்துகினு கீது” என்றார்.

அந்தப் பெண்ணுக்கு இழுப்பு வந்தது அப்பாவின் கவலையாலா, கொசுவர்த்தியாலா, பீடியாலா, விட்டுப்போன பம்பாலா, இருட்டில் மூச்சைப் பிடித்து உட்கார்ந்த பயத்தாலா? என்னால் பிரிக்க முடியவில்லை. ஒரு வீட்டுக் காலண்டர் எதற்கும் நிரூபணம் ஆகாது என்பதும் தெரியும். ஜனவரி மாதத்தில் மட்டும் டியூவுக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு பெரிய ‘இ’ இருந்தது. அது போகி, தெருவில் டயர் கொளுத்தியிருக்கிறார்கள். ஆனால் டியூவைக் கட்டி முடிக்காமலேயே நாங்கள் சிலதை மாற்றினோம். கொசுவர்த்தி நின்றது, வலை வந்தது. பம்ப், பல் தேய்க்கிற பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்க ஆரம்பித்தது. ராத்திரி வேளையை அம்மா எடுத்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்துக் கொண்டுவந்த காலண்டரில் ‘இ’ இல்லாமல் போகவில்லை, ஆனால் அஞ்சாம் தேதியை ஒட்டி நிற்பது போயிருந்தது. வண்டிக்காரரின் கவலை அப்படியேதான் இருந்தது, பாவம்.

ஆகவே பையன் கருவில் இருந்தபோது நீங்கள் எவ்வளவு கவலைப்பட்டீர்கள் என்பதைத் தோண்டிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. இப்போது உங்கள் கவலை எந்தெந்த வழியாக அவன் மூச்சுக்குப் போகிறது என்று பாருங்கள். பீடி, சிகரெட் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இருந்தால், ‘வெளியில்தான் பிடிக்கிறேன்’ என்பது பாதிக் கணக்குதான். சட்டையிலும் மூச்சிலும் உள்ளே வருகிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பீடி சுற்றுகிறார்கள் என்றால், தூள் உதறுகிற இடத்தில் பையனைப் படுக்க வைக்காதீர்கள். கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிக்கும்போது வெளிவிடுகிற நுண்துகள் 75-லிருந்து 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் அளந்து சொல்லியிருக்கிறார்கள். சிகரெட்டைத் தொடாத வீடுகளிலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஷூ கம்பெனியில் பசை ஒட்டுகிற பகுதியில் வேலை என்றால், வந்ததும் சட்டையை மாற்றிக் கைகால் கழுவிவிட்டுப் பையனைத் தூக்குங்கள். அந்தப் பசை வாசனையால் ஆஸ்துமா வந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஏற்கெனவே இழுக்கிற பிள்ளைக்குக் காரமான எந்த நெடியும் இழுப்பைக் கிளப்பலாம்.

பம்ப் விஷயத்தில் அப்பாக்களோடுதான் எனக்குச் சண்டை. ‘பழக்கமாயிடும்’, ‘பெரியவனானா கல்யாணம் ஆகாது’, ‘சிரப் எழுதிக் குடுங்க’. ஹைதராபாத்துக்கு மீன் மருந்து விழுங்கப் போகிறவர்களும் உண்டு. அது போகிற வழியில் தட்டிப்போன பம்ப் வேளைகளின் கணக்கை யாரும் எடுப்பதில்லை. தினமும் கொடுக்கச் சொன்னது தினமும் கொடுக்க வேண்டியது, நீல நிறத்தது இழுப்பு வரும்போது மட்டும். இந்த இரண்டையும் மாற்றிப் பிடித்துக்கொண்டு வருகிற வீடுகள் நிறைய. நாலு வயதுப் பையனுக்கு முகமூடி வைத்த ஸ்பேசர் (பம்ப்பைப் பொருத்துகிற பிளாஸ்டிக் குடுவை) இல்லாமல் பம்ப் அடிப்பது தொண்டைக்கு மருந்து தெளிப்பதுதான். குலுக்கி, முகத்தில் இடைவெளி இல்லாமல் வைத்து, ஒரு தடவை அழுத்தி, ஐந்தாறு மூச்சு எண்ணுங்கள். அழுகிற பிள்ளைக்கு மருந்து உள்ளே சரியாக இறங்காது; ஆகவே அதட்டிப் பிடித்துக் கொடுப்பதில் லாபமில்லை. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகு துணியால் துடைக்காமல் தானாக உலர விடுங்கள். துடைத்தால் மின்னேற்றம் வந்து மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்து மூச்சு வாங்கினாலோ, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டுச் சண்டையைப் பற்றி நீங்கள் எழுதாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். 2000-ல் வந்த ஆய்வொன்றில் 90 ஆஸ்துமா பிள்ளைகளை ஒன்றரை வருஷம் கவனித்தார்கள். மனசைப் பாதிக்கிற பெரிய சம்பவம் நடந்த பிறகு வருகிற வாரங்களில் புதிய இழுப்பு வருவது கூடியது. வீட்டில் ஏற்கெனவே நாள்பட்ட தொல்லை இருந்த பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம். கடன் விஷயம் பேச வேண்டியதுதான், மச்சானிடம் கோபப்பட வேண்டியும் வரலாம். பையன் தூங்குகிற அறையில் வேண்டாம், அவ்வளவுதான்.

உங்களுக்கு என்று ஒன்று. பணம் போய் நாலு வருஷத்துக்கு மேலாகியும் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை பிறப்பதை ஒட்டிய காலத்தில் பத்து அப்பாக்களில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாக 2010-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பிரசவமான பெண்ணை ‘நல்லாருக்கியாம்மா’ என்று ஊரே கேட்கும், பக்கத்தில் நிற்கிற ஆளை யாரும் கேட்பதில்லை. நானும் பத்துப் பதினைந்து வருஷம் கேட்காமல்தான் இருந்தேன். இதைப் பையனுக்காகப் பார்க்க வேண்டும் என்றுகூட நான் சொல்ல மாட்டேன், உங்களுக்காகவே பாருங்கள். 14416 என்பது டெலி மனஸ், அரசாங்கத்தின் இலவச எண், தமிழிலேயே பேசுவார்கள். நேரில் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மருத்துவமனையும் இருக்கிறது. பாகாயம் என்றால் முகம் சுளிக்கிறவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள், அதைக் காதில் வாங்காதீர்கள். சாகலாம் போல இருக்கிறது என்ற நினைப்பு எப்போதாவது வந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

இரண்டாவது குழந்தை. தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். உங்கள் அம்மாவின் ஈளை, மூத்த பையனுக்கு இருக்கிற இழுப்பு என்று பரம்பரைக் கணக்கில் அந்தக் குழந்தைக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், அதை மறைக்க மாட்டேன். வராமலே போகவும் நிறைய வாய்ப்பு உண்டு. மனைவி முழுகாமல் இருக்கும்போது ஒன்றுதான் சொல்வேன்: போன தடவை கவலையையெல்லாம் அவரிடம் சொல்லாமல் மொட்டை மாடியில் தனியாக நடந்ததாக எழுதியிருந்தீர்கள். கீழே படுத்திருந்தவருக்கு மாடியில் நடக்கிற சத்தம் கேட்டிருக்கும். இந்தத் தடவை உட்கார்ந்து இரண்டு பேரும் பேசுங்கள். அதற்கு முன்னால் பையனை ஒருமுறை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது ரிப்போர்ட் பையை மட்டும் எடுத்துப் போகாமல் பம்ப்பையும் ஸ்பேசரையும் கையோடு கொண்டுபோய், எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று அவர் கண் முன்னால் ஒரு தடவை செய்து காட்டுங்கள். மூன்று மாதத்துக்குக் காலண்டரில் குறித்து வைத்திருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், பால் கணக்கோடு சேர்ந்திருந்தாலும் பரவாயில்லை.